ரூபாய்க்குப் பத்துக் காசு

மதுரை தல்லாகுளத்தில் மாநகராட்சியின் அறிஞர் அண்ணா மாளிகையில் வீட்டு வரி கட்டிவிட்டு வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் ரசீதை முழுதாகப் படிக்கிறார்கள்? அரையாண்டு சரியாக இருக்கிறதா, தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பதுதான் வழக்கம். அந்தத் தொகைக்குள் நூலக வரி என்று ஒன்று இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார். குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். அண்ணா மாளிகையில் இந்தப் பணம் வாங்கப்படுகிறது. அதிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், புது நத்தம் சாலையில், தென் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நூலகம் நிற்கிறது. இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் உள்ள தெருக்களில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நடந்து போகும் தொலைவில் படிக்க என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

ஜமீன்தார் தந்த புத்தகசாலை

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் புத்தகம் என்பது வசதியும் தொடர்பும் உள்ளவர்களின் பொருள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைப் பற்றி மதுரைக்காரர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சொற்பொழிவுக்காக மதுரை வந்தவர் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டாராம். சங்கம் வளர்த்ததாகப் பெருமை பேசும் ஊரில் அவை எளிதில் அகப்படவில்லையாம். கதை எப்படியோ, அதன் பின்விளைவு வரலாறு: 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பட்டது. அதனோடு பாண்டியன் புத்தகசாலை வந்தது. அடுத்த ஆண்டு ‘செந்தமிழ்’ இதழும் வந்தது. ரயில் நிலையத்துப் பக்கம் மேலவெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றத்திலும் ஒரு நூலகம் இருந்தது.

இவையெல்லாம் வைகை ஆற்றுக்குத் தெற்கே, பழைய ஊருக்குள். வடகரையில் தல்லாகுளம் அப்போது நகரத்தின் வாசலுக்கு வெளியே இருந்தது: பெருமாள் கோயில், சித்திரையில் கள்ளழகருக்கு எதிர்சேவை, தமுக்கம் மாளிகை, கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி. கல்லூரிக்கு டேனியல் பூர் பெயரில் நல்ல நூலகம் உண்டு. அது கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு தமுக்கம் மாளிகையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அங்கும் ஒரு நூலகம் உருவானது. காந்தியைத் தேடி வருபவர்களுக்கு அது சுரங்கம். ஆனால் தெருவில் கில்லி விளையாடிக்கொண்டிருக்கும் பையன் சும்மா உள்ளே நுழைந்து படக்கதை எடுத்துப் புரட்டும் இடம் இவற்றில் எதுவும் இல்லை. கொடையாளியின் மனம், கல்லூரியின் அடையாள அட்டை, ஆய்வாளரின் தேவை என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

சட்டம் தந்த கிளை

நிபந்தனையை எடுத்தது ஒரு சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கணக்கு வாத்தியாராக இருந்தவர்; நூலக வேலை சலிப்பாக இருக்கிறது என்று நினைத்தவர். பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். லண்டனை ஒட்டிய கிராய்டனில் பொது நூலகத் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டினார். கடைச் சிப்பந்தியும் குடும்பப் பெண்ணும் குழந்தையும் உள்ளாட்சி நடத்தும் நூலகத்தில் உரிமையோடு நுழைந்து புத்தகம் எடுத்துப் போவதை அவர் அங்கே பார்த்தார். திரும்பி வந்தவர் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டார். நூலகத்துக்கென்று சட்டமும் அதற்கென்று தனி வரியும் வேண்டும் என்று இருபது ஆண்டுகள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. 1950இல் நடைமுறைக்கு வந்தது.

அதன் உயிர்நாடி வரிதான். உள்ளாட்சி அமைப்பு சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலித்து, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆணைக்குழு அதைக் கொண்டு நூலகம் நடத்த வேண்டும். தொடக்கத்தில் குறைவாக இருந்த வரி படிப்படியாக உயர்ந்து ரூபாய்க்கு 10 காசு ஆனது. ஜமீன்தாரின் தயவை எதிர்பார்த்திருந்த காரியம், குடிமகன் தன் காசைக் கொடுத்துத் தன் உரிமையாகப் பெறும் காரியமாக மாறியது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று மாநிலம் முழுக்க இன்று 4,600க்கு மேற்பட்ட நூலகங்கள் நிற்பது அந்தச் சட்டத்தின் மேல்தான்.

மதுரைக்கு மைய நூலகம் சிம்மக்கல்லில் அமைந்தது. வடகரைப் பிள்ளைகள் சைக்கிளில் ஏ.வி. பாலத்தைக் கடந்து அங்கே போனார்கள். அதைவிட நெருக்கமாக இருந்தவை கிளைகள். அந்தக் கிளை நூலகத்தைக் கண்டவர்களுக்கு அதன் முகம் மறக்காது. நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, ஒரே மின்விசிறி. காலையில் ஓய்வுபெற்ற வாத்தியாரும் ரயில்வேக்காரரும் செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு இளைஞர் ஒருவர் காத்திருப்பார். மாலையில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். அலமாரியில் கல்கி, மு.வ., அகிலன், நா.பார்த்தசாரதி, சாண்டில்யன். முதுகு கிழிந்து பழுப்புக் காகிதம் ஒட்டிய புத்தகங்கள். துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கம் இருக்காது. ஓரத்தில் யாரோ ஒருவர் கொலைகாரன் பெயரை எழுதிவைத்திருப்பார். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

கிளை நூலகம் மட்டுமா? வாடகைக்குக் கதைப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரிகள் இருந்தன. ராஜேஷ்குமார், சுஜாதா, ரமணிசந்திரன், முத்து காமிக்ஸ் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைத்தன. கட்சிக்காரர்கள் நடத்திய படிப்பகங்கள் முக்குக்கு முக்கு இருந்தன; அங்கே நாளிதழ் படித்தே அரசியல் பழகியவர்கள் மதுரையில் பலர். முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் தினத்தந்தி. ஒரு கிளை நூலகம் தனியாக நிற்கவில்லை. வாசிப்பு என்ற பெரிய தெருப் பழக்கத்தில் அது ஒரு கண்ணியாக இருந்தது. அதனால் அதன் குறைகள் அவ்வளவாக உறைக்கவில்லை.

மேசை மாறியது

தொலைக்காட்சி வந்தபோது வாடகைப் புத்தகக் கடைகள் சுருங்கின. கைபேசி வந்தபோது மறைந்தன. படிப்பகங்களில் பல கொடிக்கம்பமும் பெயர்ப் பலகையுமாக மிஞ்சின. அந்தத் தெருப் பழக்கத்தில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கிளை நூலகம் ஒன்றுதான். அங்கே மேசையும் மாறிவிட்டது. செய்தித்தாளுக்கு வரும் பெரியவர்கள் இன்னும் வருகிறார்கள். ஆனால் மேசையின் பெரும்பகுதி குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுடையது. சொந்தக் கைடும் குறிப்பேடும் கொண்டுவருகிறார்கள். நூலகத்திடம் அவர்கள் கேட்பது விளக்கு, மின்விசிறி, கழிப்பறை, அமைதி. ஓர் அறை வீட்டில் ஐந்து பேரோடு இருக்கும் பெண்ணுக்கு இவை நான்கும் ஒரே இடத்தில் செலவில்லாமல் கிடைக்கும் கூரை வேறு எது? நூலகத்துக்கு இனி ஆள் வருமா என்று கேட்பவர்கள் தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

தேவை இப்படிக் கூடியிருக்க, கிளை நூலகத்தின் உடம்பு கூடவில்லை. வாடகைக் கட்டடத்திலும் உள்ளாட்சி ஒதுக்கிய பழைய அறையிலும் இயங்கும் கிளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். நூலகர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வரும் வரை பக்கத்துக் கிளைக்காரரே இரண்டையும் பார்ப்பார். அதாவது, இரண்டும் பாதி நேரம் பூட்டியிருக்கும். ஊர்ப்புற நூலகர்கள் சொற்ப ஊதியத்தில் பல ஆண்டுகள் உழைத்து, காலமுறை ஊதியத்துக்காகப் போராடியது ஊரறிந்த செய்தி. ‘நூலக ஆணை’ வரவில்லை என்று பதிப்பாளர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறோம். அதை வாசகர் பக்கமிருந்து சொன்னால், அத்தனை காலம் கிளைக்குப் புதுப் புத்தகம் வரவில்லை என்று பொருள். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லா நூலகங்களும் மூடப்பட்டன. பெரியவை முதலில் திறந்தன, சின்னவை காத்திருந்தன. நெருக்கடியில் முதலில் மூச்சுத் திணறுவது எந்த நூலகம் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

வானுயர ஒரு நூலகம்

இந்தப் பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தரைத்தளமும் அதன்மேல் ஆறு மாடிகளும். 2 லட்சம் சதுர அடிக்கு மேல். செலவு 200 கோடி ரூபாயைத் தாண்டியது. பார்வையற்றோருக்கு பிரெய்ல் பகுதி, குழந்தைகளுக்குத் தனி உலகம், போட்டித் தேர்வுக்குத் தனி இடம். பக்கத்தில், அதே ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் நத்தம் சாலை மேம்பாலத்தில் வண்டிகள் பறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பொருட்காட்சிக்குப் போவதுபோல் நூலகத்துக்குப் போகிறார்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து நாள் முழுக்கப் படித்துவிட்டுப் போகிறார்கள். நூலகம் என்றாலே தூசியும் கொட்டாவியும் என்று நினைத்திருந்த ஒரு தலைமுறைக்கு, அரசு நூலகமும் பளபளப்பாக இருக்கலாம் என்று அது காட்டியிருக்கிறது. இது சின்ன லாபம் இல்லை.

பெரிய நூலகத்துக்கும் ஆபத்து வராமல் இல்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறிய பின் 2011 நவம்பரில், குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பராமரிப்பு இல்லாமல் கிடந்த அந்தக் கட்டடத்தைச் சரிசெய்ய நீதிமன்றம் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்த நூலகம் பிழைத்ததற்கு ஒரு காரணம், அது எல்லோர் கண்ணிலும் படும் அளவுக்குப் பெரியது. அதை மூட ஓர் அரசாணை தேவைப்பட்டது. அரசாணை வந்தால் செய்தி வரும். செய்தி வந்தால் ஆள் கூடும்.

சந்துக்குள் இருக்கும் கிளை நூலகத்தை மூட அரசாணையே வேண்டாம். நூலகர் பணியிடம் காலி. நேரம் பாதியாகிறது. நாளிதழ்களில் இரண்டு நிற்கிறது. மழையில் ஒழுகிய மூலையிலிருந்து அலமாரி நகர்த்தப்படுகிறது, திரும்பப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைகின்றன. பிறகு, ‘யாருமே வருவதில்லை, இதற்கு எதற்கு வாடகை?’ என்ற கேள்வி, நியாயமான கேள்வியின் தோரணையில் வந்து நிற்கிறது. எந்த இடத்திலும் யாரும் எதையும் மூடவில்லை. ஆனால் மூடியாகிவிட்டது.

ஏழு தளக் கட்டடம் இந்த இழப்பை ஈடுகட்டுமா? புது நத்தம் சாலைக்குப் பைக் இருப்பவர் போகலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம். செல்லூரில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, நாலரை மணிக்குப் பள்ளி விட்டு, ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் போக முடியாது. மருத்துவத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையங்களை யாரும் விட்டுவிடுவதில்லை. வாசிப்பிலும் அந்த ஒழுங்கு வேண்டும். பெரிய நூலகத்துக்குள் நுழையத் துணிச்சல் வருவதே, தெரு நூலகத்தில் அட்டை வாங்கிய பழக்கத்தால்தான்.

குருவின் ஊரில்

மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ரங்கநாதனின் குருவீட்டையே பார்க்கலாம். 2010க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில், சிக்கனம் என்ற பெயரில் பிரிட்டனில் எண்ணூறுக்கு நெருக்கமான பொது நூலகங்கள் மூடப்பட்டன. ரங்கநாதன் பாடம் கற்ற கிராய்டன் நகரமன்றம் 2020இல் கஜானா காலி என்று அறிவித்தது. 2024இல் தன்னிடமிருந்த 13 நூலகங்களில் 4ஐ மூடியது. பிரிட்டனில் நடந்த எதிர்ப்புகளில் நமக்குப் பாடம் உண்டு. 2011 ஜனவரியில், மில்டன் கீன்ஸ் பக்கத்து ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரில், நூலகத்தை மூடலாம் என்ற பேச்சு வந்ததும் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போகவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் அட்டைக்கு எத்தனை எடுக்கலாமோ அத்தனை புத்தகம் எடுத்தார்கள். சுமார் 16,000 புத்தகங்களும் வீடுகளுக்குப் போய், அலமாரி காலியானது. யாரும் வருவதில்லை என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் குளோஸ்டர்ஷயர், சோமர்செட் மாவட்டங்களின் நூலக வெட்டைச் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் கையில் இருந்தும் மக்கள் கேட்ட இடத்தில்தான் அது வேலை செய்தது.

நம்மிடம் இருப்பது இன்று அவர்களிடம் இல்லாத ஒன்று: நூலகத்துக்கென்றே பிரித்து வசூலிக்கப்படும் வரி. 2022இல் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. ரூபாய்க்கு 10 காசு என்பது மாறாததால், சொத்து வரி உயர்ந்தால் நூலக வரியும் தானாக உயரும். ஆக, நிதி இல்லை என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. வசூலான வரியை ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய குறை. மதுரையில் இன்னொன்றும் சேர்ந்தது. 2025இல் மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் பதிந்த முறைகேடு வெளியாகி, கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். மாநகராட்சிக்கு எவ்வளவு நட்டம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வரியில் குறைத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நூலகத்தின் 10 காசும் சேர்ந்தே போனதை யாரும் பேசவில்லை. நூலகத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லாததே அதற்குக் காரணம்.

கேட்க வேண்டியவர்கள்

பாண்டித்துரைத் தேவர் காலத்தில் புத்தகத்துக்கு ஏங்கியவர்கள் கொடையாளிக்காகக் காத்திருந்தார்கள். 1948க்குப் பிறகு நாம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் காத்திருக்கும் பழக்கம் போகவில்லை. பெரிய நூலகம் கட்டினால் நன்றி சொல்கிறோம், சின்ன நூலகம் தேய்ந்தால் விதி என்கிறோம். நன்றி சொல்வது நல்லதுதான். கூடவே கணக்கும் கேட்க வேண்டும்.

வாசகர் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. உங்கள் வார்டில் கிளை நூலகம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். செலவு மிகச் சொற்பம். படிக்க நேரமில்லாத வாரத்திலும் ஒரு புத்தகம் எடுங்கள். பதிவேட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையும் அந்தக் கிளைக்கு ஒரு சாட்சி. 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம். வாசகர் வட்டம் தூங்கிக்கொண்டிருந்தால் போய் எழுப்பலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் தன்னார்வலராகச் சேரலாம். ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடம் சாக்கடை, குடிநீரோடு நூலகத்தையும் ஒரு வரியில் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அண்ணா மாளிகைக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: சென்ற நிதியாண்டில் நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு? அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது எவ்வளவு? பத்துக் காசு நம்முடையது. அதன் கணக்கைக் கேட்கும் வேலையும் நம்முடையதுதான்.